கையால் மறைக்கிற கொப்பி

கணக்குக் கொப்பியைக் கேட்டால் எடுத்து நீட்டிவிடுவார்கள். இங்கிலீஷ் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள், கை தானாகப் போய் எழுத்தை மூடிக்கொள்ளும். கொழும்பு வெள்ளவத்தையில் பின்னேர வகுப்பு எடுக்கும் எனக்கு இது தினமும் பார்க்கிற காட்சி.

சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள். கட்டுரை எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றி வாசித்துக் கருத்து எழுதச் சொன்னேன். முதல் வாரம் எல்லாக் கொப்பியிலும் ஒரு 'குட்', ஒரு சிரிப்பு முகம். ஒரு பிழைகூடவா இல்லை என்று கேட்டால், "பிழை சொன்னா கோவிப்பா, மிஸ்." ஒரு பையன் நேராகவே கேட்டான்: "அவனுக்கே சரியா வராது, அவன் என்னத்தைத் திருத்துறது? நீங்களே திருத்துங்கோ."

நியாயமான கேள்விதான். பெற்றோர் கேட்பதும் இதைத்தான் (காசு கட்டுவது மிஸ் திருத்தத்தானே!). ஆனால் நாம் எல்லாரும் கொப்பிக்குச் சொந்தக்காரனையே பார்க்கிறோம், பென்சில் பிடித்தவனைப் பார்ப்பதில்லை. 2009இல் லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் என்ற இருவர் அமெரிக்காவில் ஆங்கிலம் படித்த 91 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் பிறர் எழுத்துக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பழகினார்கள். மற்றவர்கள் கிடைத்த கருத்தை வைத்துத் திருத்த மட்டும். எழுத்தில் கூடுதலாக முன்னேறியது கருத்துச் சொன்னவர்கள்.

என் வகுப்பிலும் கண்டேன். ஒரு பிள்ளை பக்கத்துக் கொப்பியில் 'டிடின்ட் வென்ட்' ('டிடின்ட் கோ' என்று வரவேண்டியது) என்பதன் கீழே கோடு போட்டாள். கொஞ்ச நேரத்தில் தன் கொப்பியைத் திருப்பி வாங்கி, சத்தமில்லாமல் எதையோ அழித்தாள். அதே பிழை! நான் மூன்று தடவை திருத்திக் கொடுத்தது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மனமில்லை. கொழும்பில் இங்கிலீஷ் ஒரு பாடம் மட்டுமா? எந்தப் பள்ளிக்கூடம், எந்த வீடு என்று ஆளை நிறுக்கிற தராசு. பல்கலைக்கழகச் சிங்கள மாணவர்கள் அதற்கு வைத்த பெயரே 'கடுவ', வாள். வாளோடு பக்கத்தில் இருப்பவனிடம் யார் கொப்பியைக் கொடுப்பார்கள்?

அப்புறம் சிவப்புப் பேனையை நிறுத்தினேன், பென்சில் மட்டும். பிழை தேடச் சொல்வதையும் விட்டேன். "எந்த வரியை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது?" அவ்வளவுதான் கேள்வி. அதற்குக் கோபம் வருவது குறைவு.

அந்தப் பையன் தன் கொப்பியை இன்னமும் என்னிடம்தான் நீட்டுகிறான். பக்கத்துக் கொப்பி வந்தால் மட்டும் முதலில் பென்சில் சீவுவது அவன்தான்.