கதிர்வீச்சு பட்ட கரும்புச் சக்கை கதிரியக்கமாகிவிடுமா?

சர்க்கரையை எளிதாகப் பிரிப்பதற்காகக் கதிர்வீச்சு பாய்ச்சிய சக்கையிலிருந்து எடுக்கும் சர்க்கரையும் எத்தனாலும் கதிர் உமிழும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இதற்குப் பயன்படும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். கார்பன் அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பெயர்த்து அதைக் கதிரியக்கமாக்கவே 18-க்கு மேல் வேண்டும், ஆக்சிஜனுக்கு 15-க்கு மேல். கதிர் அறுப்பது சக்கை நாரிலுள்ள செல்லுலோஸ் போன்ற மூலக்கூறுச் சங்கிலிகளைத்தான், அணுக்கருவை அல்ல.

"கதிர் பட்டாலே சக்கை சர்க்கரையாகும்" என்பதும் பொய். கதிர் வழியைத்தான் திறக்கிறது. சக்கையை அரைத்து, பி.எச். 5 அளவில், 50 டிகிரியில், செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதியோடு 2, 3 நாள் கலக்கினால்தான் குளுக்கோஸ் வரும். நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் பெரும்பாலும் அப்படியே தங்கி நொதியை ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் பலர் நீர்த்த காரத்தையும் சேர்க்கிறார்கள். கதிரின் அளவு மிஞ்சினால் சர்க்கரையே சிதையும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது செலவைப் பற்றித்தான். மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்க வழக்கமாக 25 கிலோகிரே (பொருள் உறிஞ்சும் கதிர் ஆற்றலின் அலகு) போதும். சக்கைக்குப் பல நூறு தேவை. 500 கிலோகிரே என்றால் டன்னுக்கு 139 யூனிட், அதுவும் சக்கை உறிஞ்சும் ஆற்றல் மட்டும். இயந்திரம் இழுக்கும் மின்சாரம் இன்னும் அதிகம். காமாக் கதிருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தி அந்த 500 கிலோகிரேயை ஒரே மூச்சில் கொடுத்தால் சூடேறி சக்கை கருகும். இடைவெளி விட்டு, பல தடவையாகப் பாய்ச்ச வேண்டும்.