பிசாசிடம் போனவர் வேறு ஜான்சன்

ஞாயிற்றுக்கிழமைக் கூத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அரங்கில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். மற்றவர்களுக்கு: மேடையில் ஒரு பேச்சாளர் ஒரு பழைய பாட்டை ஒலிக்கவிட்டு, இதைப் பாடிய ஜான்சன் பிசாசிடம் ஆன்மாவை விற்றுக் கிதார் கற்றவர் என்று கதை சொன்னார். ஆனால் அந்தக் காணொலி ‘மெய்சிலிர்க்கிறது’ என்ற குறிப்போடு நான்கு பேர் வழியாக என் கண்ணில் பட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நாற்சந்தியில், நள்ளிரவில், பிசாசிடம் ஆன்மாவை விற்றுக் கிதார் கற்றதாகச் சொல்லப்படுகிறவர் ராபர்ட் ஜான்சன். மிசிசிப்பிக்காரர், ப்ளூஸ் எனும் கறுப்பின அமெரிக்கர்களின் துயரப் பாட்டைப் பாடியவர், 1938இல் இறந்தவர். மேடையில் ஒலித்த பாட்டோ பிளைண்ட் வில்லி ஜான்சனுடையது. டெக்சஸ்காரர், 1897இல் பிறந்தவர், பார்வையற்றவர், தெருமுனையில் நின்று கடவுளைப் பாடியவர். ஒருவர் பாட்டை ஒலிக்கவிட்டு இன்னொருவர் கட்டுக்கதையை அவர் தலையில் கட்டியதற்குத்தான் அத்தனை கைதட்டல். (அதே கதையை டாமி ஜான்சன் என்ற மூன்றாமவரைப் பற்றி அவருடைய சகோதரரும் சொல்லியிருக்கிறார். பிசாசுக்கு ஜான்சன்கள் மேல் தனிப் பிரியம் போலிருக்கிறது.)

‘பெயர்க் குழப்பம்தானே, விடுங்கள்’ என்பீர்கள். குழப்பம் எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் வில்லி ஜான்சன் 1927 முதல் 1930 வரை கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 30 பாடல்களில் ஒரு ப்ளூஸ்கூடக் கிடையாது. டைட்டானிக் மூழ்கியதைப் பாடினாலும், 1918இன் கொள்ளைக் காய்ச்சலைப் பாடினாலும், கடவுளின் கை என்றே பாடினார். அந்த மனிதரையா பிசாசின் மாணவராக்குவது?

‘ப்ளூஸிலும் பக்திப் பாட்டிலும் ஸ்லைடு வாசிப்பு (கிதார் கம்பிகளின் மேல் ஒரு துண்டை வழுக்கி வாசிப்பது) ஒன்றுதானே’ என்று ஒரு நண்பர் தொலைபேசியில் வாதாடினார். ஒன்றுதான். அதற்கென்ன? ஒரே பேனாவால் காதல் கடிதமும் எழுதலாம், விண்ணப்பமும் எழுதலாம். வில்லி ஜான்சன் வரியைப் பாடிக்கொண்டே வந்து கடைசிச் சொல்லை விட்டுவிடுவார். அந்தச் சொல்லைக் கிதார் சொல்லும். அதைக் கேட்டும் ‘நுட்பம்’ என்று மட்டும் பேசுகிறவரிடம் நான் என்ன பேசுவது.

அன்று ஒலித்த பாட்டு 1927 டிசம்பர் 3 அன்று டல்லஸில் பதிவானது. ‘இருண்டது இரவு, குளிர்ந்தது தரை’ என்ற அதன் தலைப்பு, 1792இல் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிய துதிப்பாடலின் தொடக்கம். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு தரையில் கிடந்து ஜெபித்த இரவு அது. ஜான்சன் அதில் ஒரு சொல்லும் பாடவில்லை, முனகல் மட்டும்தான். முதன்முறை வீட்டில் அதைப் போட்டபோது அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து, “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டார். பாட்டு என்றேன். நம்பாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தவர் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. அவருக்கு யாரும் நாற்சந்திக் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைப் பதித்து ஏற்றிய தங்கத் தட்டில் இந்த முனகலும் போயிருக்கிறது. அதைப் பேச்சாளர் சரியாகவே சொன்னார், அதுவரைக்கும் நன்றி.

காணொலியின் கீழ் நான் இட்ட திருத்தத்துக்கு, ‘மதம் பரப்புகிறாய்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் தேவாலயத்துக்குள் கால்வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. நம்பாதவனும் ஒருவருடைய நம்பிக்கையைத் திருடக் கூடாது, அவ்வளவுதான். ‘பொறாமை’ என்றும் ஒருவர். ஆமாம், மைக் பிடிக்கத் தெரியாத எனக்குப் பொறாமைதான்.

யோசித்தால் வில்லி ஜான்சனிடமிருந்து எல்லோருமே எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். அவர் 1927இல் பதிவு செய்த ஒரு பாட்டு, 1976இல் ஒரு பிரிட்டிஷ் ராக் குழுவின் இசைத்தட்டில் வந்தபோது அதை இயற்றியவர்களாக அக்குழுவின் இருவர் பெயர்தான் இருந்தது. பல பதிவுகளில் கூடவே பாடிய வில்லி பி. ஹாரிஸ் என்ற பெண்ணைப் பற்றி அன்று மேடையில் ஒரு வரி உண்டா? பிசாசுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

1945இல் டெக்சஸின் போமான்ட் நகரில் வில்லி ஜான்சனின் வீடு எரிந்தது. போக இடமில்லாமல் எரிந்த வீட்டிலேயே, ஈரப் படுக்கையின் மேல் செய்தித்தாள்களை விரித்துப் படுத்ததாக அவருடன் வாழ்ந்த ஆஞ்சலின் பின்னாளில் சொன்னார். அந்த செப்டம்பரில் ஜான்சன் இறந்துபோனார். ஆன்மாவை விற்றவருக்கு அந்த வியாபாரத்தில் ஒரு காய்ந்த மெத்தைகூடவா கிடைக்கவில்லை?

அந்தத் திருத்தம் இன்று காலை வரை இருந்தது. இப்போது காணவில்லை. அதனால் இங்கே மறுபடியும்: அந்தப் பாட்டு வில்லி ஜான்சனுடையது. ராபர்ட் வேறு ஆள்.