தலைத் தீபாவளிக்கு ஒரு பெட்டி தோட்டா

(புரசைவாக்கத்தில் ஒரு மளிகைக் கடை. மதியம் மூன்று மணி, ஈ ஓட்டும் நேரம். கல்லாவில் அண்ணாச்சி. எதிரே சண்முகம், போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைக் கிலோ உளுந்து வாங்க வந்தார், மாட்டிக்கொண்டார்.)

அண்ணாச்சி: நல்ல வேளை வந்தீர்கள் சார். தலைத் தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். 'டூ டூ' என்றார். 22 பவுன் என்று நினைத்து ராத்திரி சோறே இறங்கவில்லை.

சண்முகம்: அப்புறம்?

அண்ணாச்சி: 'லாங்' என்றும் ஒரு வார்த்தை விட்டார். சரி, நீளச் சங்கிலி கேட்கிறார் என்று நகைக்கடைக்கே கிளம்பிவிட்டேன். வழியில் மகள் கூப்பிட்டுச் சொல்கிறாள், அது துப்பாக்கித் தோட்டாவாம்.

சண்முகம்: .22 லாங் ரைபிள். பேர்தான் ரைபிள், அது தோட்டா. .22 என்பது அங்குலக் கணக்கில் அதன் பருமன். தங்கமான மாப்பிள்ளை. வழக்கமான குண்டு 40 கிரெயின், நம் கணக்கில் 2.6 கிராம் ஈயம். மூன்று குண்டு சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு பவுன் எடை. முயலுக்கா?

அண்ணாச்சி: முயலுக்குத்தான். டெக்சாஸில் ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கரோடு வீடு. மகள் வெண்டை போட்டால் முயல் தின்கிறது, கீரை போட்டால் அதையும் தின்கிறது. ஆனால் பாவம், மாப்பிள்ளை கூச்சப்பட்டுச் சின்னதைக் கேட்கிறார். நான் விசாரித்துவிட்டேன். .17 எச்.எம்.ஆர். என்று ஒன்று பயங்கர வேகமாம். அதையே வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பப் போகிறேன். மாமனார் மலிவாக முடித்துவிட்டான் என்று சம்பந்தி வீட்டில் பேசக் கூடாது பாருங்கள்.

சண்முகம்: யாரிடம் விசாரித்தீர்கள்?

அண்ணாச்சி: எதிரே செல்போன் ரிப்பேர் கடைப் பையனிடம்.

சண்முகம்: பணிக்காலம் முழுக்கத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டியவன் இங்கே உளுந்துக்கு நிற்கிறேன். சரி, போகட்டும். பின்வாசலுக்கும் வெண்டைப் பாத்திக்கும் எவ்வளவு தூரம்?

அண்ணாச்சி: 40 கஜம் இருக்கும்.

சண்முகம்: அவ்வளவுதான் கேள்வி, முடிந்தது. 40 கஜத்துக்கு லாங் ரைபிள் தாராளம். 50 கஜத்துக்குக் குறி வைத்துச் சரிசெய்துவிட்டால் 75 வரை கவலை இல்லை. நூறைத் தொடும்போது குண்டு அரை அடி இறங்கிவிடும், அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

அண்ணாச்சி: வேகம் சார், வேகம்?

சண்முகம்: .17 வேகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. 17 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,550 அடி. வழக்கமான லாங் ரைபிள் 1,250 அடி வாக்கில்தான். ஆனால் .17-இன் குண்டு 1.1 கிராம்தான். போய்ப் பட்டதும் தூள் தூளாகச் சிதறும். வயலைத் தோண்டிப் போடும் பிரெய்ரி நாயை, பேர்தான் நாய், அணில் ஜாதி, 150 கஜத்தில் சுட அதுதான் சரி. சாப்பிடுவதற்கு முயலைச் சுட்டால், படுகிற இடத்தில் கறி மிஞ்சாது.

அண்ணாச்சி: அவர்கள் சாப்பிடத்தான் போகிறார்கள்.

சண்முகம்: அப்போது பேச்சே இல்லை. லாங் ரைபிள், தலையில் ஒரு குறி. இன்னொன்று. அந்த .17 ஒன்றும் தனிப் பிறவி இல்லை. 1959-இல் வின்செஸ்டர் கம்பெனி .22 மேக்னம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஹார்னடி கம்பெனி அதன் கழுத்தை நெரித்து, சின்னக் குண்டு மாட்டி, 2002-இல் விற்பனைக்கு விட்டதுதான் நீங்கள் சொல்வது. வேகம் கூடியது. ஆனால் அடிக்கும் சக்தியில் பழைய மேக்னமே மேல்.

அண்ணாச்சி: (நிமிர்ந்து உட்கார்ந்து) அப்படியானால் .22 மேக்னம் துப்பாக்கியாகவே வாங்கட்டும். பேருக்குப் பேரும் ஆயிற்று. சுடும்போது மலிவான லாங் ரைபிள் தோட்டாவைப் போட்டுக்கொள்ளட்டும். இரண்டும் 22 தானே?

சண்முகம்: அண்ணாச்சி, பட்டாணி மாவைக் கடலை மாவில் கலக்கும் வேலை இங்கே நடக்காது!

அண்ணாச்சி: (சுற்றும் முற்றும் பார்த்து) மெதுவாகப் பேசுங்கள் சார்.

சண்முகம்: மேக்னத்தின் பித்தளைக் கூடு பருமன். அதற்கு வெட்டிய சேம்பரில், அதாவது குழலில் தோட்டா உட்காரும் குழியில், லாங் ரைபிளைப் போட்டால் தொளதொள என்று நிற்கும். வெடிக்கும்போது கூடு கிழிந்து புகையும் பித்தளையும் மாப்பிள்ளை முகத்துக்கு வரும்.

அண்ணாச்சி: தலைத் தீபாவளி அதுவுமாக.

சண்முகம்: பெரியதைச் சின்னதில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உள்ளேயே போகாது. துப்பாக்கிக் குழல் மேல் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் தோட்டா. பழைய .22 ஷார்ட் என்று ஒரு குட்டை உண்டு, 1857-லேயே வந்தது. அது மட்டும் லாங் ரைபிளில் பெரும்பாலும் செல்லும்.

அண்ணாச்சி: காலிக் கூட்டை வைத்திருந்தால் திரும்ப மருந்து நிரப்பலாமா?

சண்முகம்: முடியாது. இதெல்லாம் ரிம்ஃபயர். தட்டினால் பற்றுகிற மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுத்தி விளிம்பில் தட்டியதும் அது நசுங்கிவிடும். ஒருமுறைதான். அதனால்தான் முதல் விலையைப் பார்க்க வேண்டும். .17-இல் ஒன்று சுடும் காசுக்கு லாங் ரைபிளில் குறைந்தது மூன்று சுடலாம். 50 தோட்டா ஒரு பெட்டி, 500 ஒரு கட்டு.

அண்ணாச்சி: ஐந்நூறா! மொத்த விலையில் சொல்லுங்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சண்முகம்: உடனே கட்டு வாங்க வேண்டாம். ஒரே கம்பெனித் தோட்டா ஒரு துப்பாக்கியில் காசு வைத்த இடத்தில் விழும், பக்கத்துத் துப்பாக்கியில் ஊரெல்லாம் சுற்றும். நாலு கம்பெனியில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக் காகிதத்தில் சுட்டுப் பார்க்கட்டும். எது ஒரே இடத்தில் விழுகிறதோ அதில் கட்டு எடுக்கலாம். விநாடிக்கு 1,070 அடி போகும் சாதா வேகத் தோட்டாவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டாது, சத்தம் குறைவு, குறி சுத்தம். பந்தயத்தில் சுடுகிறவர்கள் தேடுவது அந்த மாதிரிதான். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கினாரே, அந்தப் போட்டியும் லாங் ரைபிள்தான்.

அண்ணாச்சி: சார்... நம் கடையில் ஒரு பெருச்சாளி. பூனைக்கே பயம் காட்டுகிறது. அதற்கும் இதில் ஒன்று...

சண்முகம்: 1959 ஆயுதச் சட்டப்படி முதலில் லைசென்ஸ். விண்ணப்பத்தில் காரணம் பெருச்சாளி என்று எழுதுங்கள், கமிஷனர் ஆபீசில் நாளெல்லாம் சிரிப்பார்கள். தவிர, சின்னத் தோட்டா என்று நினைக்காதீர்கள். ஒன்றரை மைல் போகும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை போடுகிறான். எழும்பூர் ஸ்டேஷனில் சுட்டால் சென்ட்ரலைத் தாண்டிவிடும்.

அண்ணாச்சி: டிக்கெட் இல்லாமலா?

சண்முகம்: எலிப்பொறி வையுங்கள், உள்ளே கருவாடு வையுங்கள். அங்கேயும் பாத்திக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கல்லில் பட்டால் ஈயக் குண்டு எகிறும். அப்புறம், மாப்பிள்ளை என்ன விசா?

அண்ணாச்சி: எச்1பி.

சண்முகம்: அங்கேதான் சிக்கல். அந்த விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். ஆனால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு.

அண்ணாச்சி: முயலைச் சுட அனுமதி வாங்கினால் துப்பாக்கிக்கு வழி பிறக்குமா? முயலுக்கு அங்கே அவ்வளவு செல்வாக்கா?

சண்முகம்: டெக்சாஸில் முயலுக்குச் சீசன் கூடக் கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம். ஆனால் லைசென்ஸ் வேண்டும். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் முடிக்க வேண்டும். மாப்பிள்ளை முடித்துவிட்டாரா?

அண்ணாச்சி: அவரா? கல்யாணத்தில் பத்தாயிரம் வாலா வெடித்தபோது ஓடியவரைச் சமையல் கூடத்தில் அண்டாவுக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். இருங்கள், மகளைக் கேட்கிறேன்.

சண்முகம்: அங்கே இப்போது ராத்திரி நாலரை மணி!

அண்ணாச்சி: பெற்ற அப்பன் கூப்பிட்டால் எடுப்பாள். (போனில்) அம்மாடி... தூங்குகிறாயா? சரி, தூங்கிக்கொண்டே சொல்லு... என்னது?... எப்போது?... ம்... ம்... (போனை வைக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.)

சண்முகம்: என்ன?

அண்ணாச்சி: வகுப்புக்குப் போனதும் இவள், லைசென்ஸ் இவள் பேரில், லாங் ரைபிள் என்று முடிவு செய்ததும் இவள். காலேஜில் என்.சி.சி.யில் சுட்டதும் அதே தோட்டாதானாம். அப்போது வாங்கின கோப்பை இதோ, வரக்கொத்தமல்லி அளக்க வைத்திருக்கிறேன். தானே கேட்டால் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று நான் கத்துவேனாம். அதனால் மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

சண்முகம்: கத்தியிருப்பீர்களா?

அண்ணாச்சி: கடைக்கே கூட்டம் கூடியிருக்கும். அதை விடுங்கள். இப்போது மாப்பிள்ளைக்கு நான் என்ன சீர் அனுப்புவது?

சண்முகம்: அவருக்கு இதில் என்ன வேலையாம்?

அண்ணாச்சி: குழம்பு வைப்பதாம்.

சண்முகம்: பிறகென்ன, உங்கள் கடை மிளகுத் தூளையே அனுப்புங்கள்.

அண்ணாச்சி: எத்தனை கிரெயின் சார்?