முதல்ல உப்பு, பிறகுதான் அழுக்கு

திருகோணமலையில கடற்கரையை அண்டி வீடு வச்சிருக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லவேணும்போல கிடக்கு. வீடு துப்புரவாக்க எண்டு யூடியூப்பைப் பார்த்து வினாகிரி, பேக்கிங் சோடா, வாசனைத் திரவம் எண்டு வாங்கி அடுக்கிறம். அந்தக் காணொளி எடுத்த வீடுகளில யன்னலுக்கு வெளியில கடல் இல்லை. எங்களுக்கு இருக்கு.

யன்னல் கம்பியை விரலால ஒருக்கா வழிச்சு நாக்கில வச்சுப் பாருங்கோ. கரிக்கும். தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில மண்தூசி, வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கினா உப்பு. உப்பு காற்றில இருக்கிற ஈரத்தை இழுக்கும். மார்கழியில துடைச்ச கையோட நிலம் பிசுபிசுக்கிறது அதாலதான். அதுக்கு மேல வாசனைத் திரவத்தையும் கூட ஊத்தினா அதின்ர பசையும் சேர்ந்து, நடக்கிற ஒவ்வொரு காலடியும் பதியும்.

எங்கட ஹோல் சிவப்புச் சீமெந்து. அப்பம்மா மான்ஷன் பொலிஷ் பூசி, தேங்காய்ப் பொச்சால வருஷக்கணக்கா தேய்ச்சு மினுக்கின நிலம். வெயில் விழுந்தா யன்னல் கம்பி அப்பிடியே அதில தெரியும். மூண்டு வருஷத்துக்கு முன்னம் வினாகிரி கலந்த தண்ணியால நான் அதைத் துடைச்சன். கதவடியில கொஞ்சம் தேங்கி நிண்டிருக்கு, கவனிக்கேல்லை. காய்ஞ்ச பிறகு பார்த்தா, ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்கு வெளிறி, கை வச்சா சொரசொரக்குது. சீமெந்தில சுண்ணாம்பு இருக்கு, புளிப்பு அதை அரிக்கும். மாபிளுக்கும் இதே கதிதான். டைல்ஸ் தாங்கும், இடையில பூசின சீமெந்து தாங்காது. அந்த இடத்தைக் கடக்கிற நேரமெல்லாம் எனக்கு அப்பம்மாவின்ர கைதான் ஞாபகம் வரும்.

நிலத்துக்கு வேண்டியது நல்ல தண்ணி. கிணறு உவரா இருந்தா, கடைசித் துடைப்புக்காவது கந்தளாயில இருந்து வாற குழாய்த் தண்ணியை எடுங்கோ. உவர்த் தண்ணியால துடைச்சா, உப்பை அள்ளிப் பூசினமாதிரித்தான்.

முதிரை, தேக்குக் கதிரைகளைக் காய்ஞ்ச துணியால தேய்க்காதேங்கோ. மணலும் உப்பும் பொலிஷில கீறிக்கொண்டு போகும். பழைய வேட்டித் துண்டை நனைச்சு, இறுக்கிப் பிழிஞ்சு ஒருக்கா, உடனே காய்ஞ்ச துணியால ஒருக்கா. பிரம்புக் கதிரை தொய்ஞ்சிருந்தா கவிழ்த்து வச்சு, அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால நனைச்சுக் காயவிடுங்கோ, பின்னல் இறுகும்.

ஒண்டை மட்டும் மறக்கவேண்டாம்: பிளீச்சோட வினாகிரியையோ, கக்கூசு கழுவுற அசிட்டையோ கலக்கவே கூடாது. வாறது குளோரின் வாயு. மூச்சை அடைச்சுப்போடும்.

இனித் திரைச்சேலை. தூசி, உப்பு, ஈரம் மூண்டையும் பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான், கடைசியா ஞாபகம் வாறதும் அதுதான். கொளுக்கிகளைக் கழட்டிப்போட்டு, சவர்க்காரம் போடாமல் வெறும் நல்ல தண்ணியில அரை மணித்தியாலம் ஊறவிடுங்கோ. தண்ணி சாம்பல் நிறமா மாறும், அதை ஊத்திப்போட்டுத்தான் சவர்க்காரம். உப்போட போட்டா நுரை சரியா வராது. கொளுக்கித் துரு பட்ட இடத்துக்கு பிளீச் போட்டா கறை இன்னும் ஏறும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்ச்சு வெயிலில வையுங்கோ. அரை ஈரத்தோட திருப்பிக் கொளுவினா சுருக்கம் தானா போயிடும், அயன் தேவையில்லை.

நவராத்திரிக்கு வீடு கழுவுற ஆக்கள் இந்தமுறை திரைச்சேலையில இருந்து தொடங்குங்கோ, நிலம் கடைசி. கச்சான் ஓய முதல் கழட்டினா ஒரு பின்னேரத்தில காஞ்சிடும். வாடை பிடிச்சிட்டா மூண்டு நாள் கொடியில கிடந்து, கரும்புள்ளி பூஞ்சணத்தோடதான் உள்ள வரும்.