மெயிலின் கடைசி வரி

வேலைக்கு அனுப்பும் மெயில் முழுக்க ஒழுங்காக இருக்கும். உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று சொல்லும் கடைசி வரியில் வந்து சறுக்கும்: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.'

அங்கே 'ஹியர்' வராது, 'ஹியரிங்' வர வேண்டும். 'டு' வந்தால் பின்னால் வெறும் வினைச்சொல் என்று பள்ளியிலேயே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். 'வான்ட் டு கோ', 'ஹோப் டு மீட்' என்பதற்கெல்லாம் அது சரி. 'லுக் ஃபார்வர்ட்'டோடு வரும் 'டு' வேறு ரகம், அது ப்ரிபொசிஷன். அதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் உட்காரும். வினைச்சொல்லை உட்கார வைக்க வேண்டுமானால் 'இங்' சேர்த்தாக வேண்டும்.

சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு 'தி மீட்டிங்' என்று போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்' நிற்கிறது, அதனால் 'இங்' வேண்டும். 'ஹோப் டு தி மீட்டிங்' நிற்கவில்லை, அதனால் வேண்டாம். 'ஆப்ஜெக்ட் டு' (எதிர்ப்புத் தெரிவிப்பது), 'வித் எ வியூ டு' (ஒரு நோக்கத்தோடு) இரண்டுக்கும் இதே சோதனை போதும். 'யூஸ்ட் டு' மட்டும் வம்பு பிடித்தது. 'ஐ யூஸ்ட் டு டிரைவ்' என்றால் முன்பு வண்டி ஓட்டினேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழக்கம். நடுவில் ஒரு 'ஆம்' வந்ததும் பொருளே மாறிவிடுகிறது.

'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை' என்பதும் தவறு. 'வெயிட்டிங் ஃபார்' பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட 'ஃபார்' அது. 'அவெயிட்டிங் ஃபார்' அதைவிட மோசம், 'அவெயிட்' ஃபாரே கேட்காது.

'லுக்கிங் ஃபார்வர்ட்...' என்று தொடங்கினால் எழுவாய் இல்லை, முழு வாக்கியம் ஆகாது. பழைய ஆங்கிலக் கடிதங்களில் அது 'ஐ ரிமெய்ன்' (இப்படிக்கு நான் என்பது போல) என்று தொடர்ந்து கையெழுத்தில் போய் முடியும். இன்று தெரிந்தவருக்கு எழுதும்போது அப்படியே முற்றுப்புள்ளி வைக்கலாம். அலுவலகக் கடிதத்துக்கு 'ஐ லுக் ஃபார்வர்ட்' பொருத்தம். 'ஐ ஆம் லுக்கிங்' கொஞ்சம் நெருக்கமான தொனி.

இந்த வம்பே வேண்டாமென்று 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று எழுதுபவர்களும் உண்டு. இலக்கணம் சரிதான், ஆனால் மேலதிகாரி ஆணையிடுவது போல ஒலிக்கும். வேலை கேட்கும் இடத்தில் இது எதற்கு?

இன்னொன்று, தேதி முக்கியமென்றால் இந்த வரி உதவாது. பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகாரில் 'ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே' என்று கிழமையோடு எழுதுங்கள், பக்கத்திலேயே தேதியையும் போடுங்கள்.