கறிவேப்பிலைப் புழுவுக்கு விஷக் கொம்பா?

டர்பன் பக்கம் நம்ம குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் பச்சைப் புழு சிவப்புக் கொம்பை நீட்டினால் விஷம் பீச்சும், பிள்ளைகளுக்குக் கண் போய்விடும், செடியையே வெட்டிப் போடுங்கள் என்று. பொய்.

அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டையும் தின்னும். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும், பெரிசானால்தான் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த ஒரு சதை வெளியே வரும், கூடவே மூக்கைப் பிடிக்கவைக்கும் ஒரு நாற்றம், எறும்பையும் குருவியையும் விரட்டத்தான் அது. கொட்டாது, கடிக்காது. கை நாறும், சோப்பு போட்டுக் கழுவுங்கள், அவ்வளவுதான். (மயிர் அடர்ந்த கம்பளிப்புழு வேறு, அதைத் தொடாதீர்கள், அரிக்கும்.)

செடிக்கு மருந்தடிக்கவும் வேண்டாம், நாளைக்கு அதே இலைதானே தாளிப்புக்கு வரும்.

நான் வருஷா வருஷம் நாலைந்து புழுவைக் கொத்தோடு ஒடித்து, வலை மூடிய டப்பாவில் வளர்ப்பேன், தினம் புது இலை வைத்தால் போதும். கோடையில் கூட்டுப்புழுவாகி இரண்டு வாரம் போல ஆனதும் பூச்சி வெளியே வரும், ஈர இறக்கை விரிந்து காயும்வரை மட்டும் தொடக்கூடாது.

அதைப் பார்த்துத்தான் பேத்தி வாசலில் கோலம் போட்டாள், கருப்பில் வெளிர்மஞ்சள் புள்ளி, பின்னிறக்கையில் நீலமும் சிவப்புமாகக் கண். வால் மட்டும் சேர்த்துவிட்டாள். இந்த இனத்துக்கு வால் கிடையாது என்று சொன்னேன், அழிக்க மாட்டேன் என்கிறாள்.