ஐரோப்பாவின் அடுக்குப் பண்ணைகளும் அவற்றின் மின்சாரக் கணக்கும்

ஐரோப்பாவில் அடுக்கு வேளாண்மை தோற்றுவிட்டது என்று இப்போது எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; நாளைய உலகத்தின் பசியை அதுதான் தீர்க்கப்போகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன்பு எழுதியவர்களோடும் உடன்பாடு இருந்ததில்லை. மூடிய கட்டடத்துக்குள் தட்டுக்கு மேல் தட்டாகச் செடிகளை அடுக்கி, வெயிலுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கையும் மண்ணுக்குப் பதில் ஊட்டச்சத்துக் கரைசலையும் கொடுத்து வளர்க்கும் இந்த முறை, செடியைப் பொறுத்தவரை சொன்னதைச் செய்தே காட்டியது. மென்பொருள் நிறுவனங்கள் பெருகும் வேகத்தில் கீரைப் பண்ணைகளும் பெருகும் என்று நம்பிக் கொட்டிய பணம்தான் மூழ்கியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், உண்மையில் பயன்படக்கூடிய ஒரு நுட்பத்தை ஐரோப்பா கைவிட்டுவிடும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அடுக்குப் பண்ணை என்ற எண்ணத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெஸ்பொமியே. 1999-இல் தம் மாணவர்களுடன் நியூயார்க் நகரத்தின் மொட்டைமாடிகளில் எவ்வளவு உணவு விளைவிக்கலாம் என்று கணக்குப் பார்த்தபோது, அது நகரத்தின் தேவையில் மிகச் சிறிய பங்குக்குக்கூட வராது என்று தெரிந்தது. அங்கிருந்துதான் கட்டடத்துக்குள்ளேயே மாடி மாடியாகப் பயிரிடும் யோசனை பிறந்தது. எல்.இ.டி. விளக்குகளின் விலை சரிந்து திறன் கூடிய பிறகு, அந்த யோசனை ஐரோப்பாவில் வேகமாக வேர்விட்டது. பசுமைக்குடில் அனுபவம் மிகுந்த நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனம் 2015-இல் ஐந்தோவன் நகரில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையத்தைத் திறந்தது. பெர்லின், கோபன்ஹேகன், மிலான், பாரிஸ் என்று நகரத்துக்கு நகரம் புதிய நிறுவனங்கள் முளைத்தன.

ஐரோப்பா இதில் காட்டிய ஆர்வம் வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. குளிர்காலத்தில் வட ஐரோப்பியர் தட்டில் விழும் தக்காளி, வெள்ளரி, லெட்யூஸ் என்ற சாலட் கீரை ஆகியவற்றில் பெரும்பகுதி தென் ஸ்பெயினின் அல்மேரியா, மூர்சியா பகுதிகளிலிருந்து லாரி ஏறி வருகிறது. அல்மேரியாவில் 30,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் பிளாஸ்டிக் கூரைக்குள் கிடக்கிறது. விண்ணிலிருந்து எடுத்த படங்களில் அது வெள்ளைத் திட்டாகவே தெரியும். மழை குறைந்த அந்த மண்ணில் நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்காக உறிஞ்சியதில் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. மொராக்கோவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள் அந்தக் கூரைகளின் கீழ் தாங்க முடியாத வெக்கையில் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் பலகையும் பழைய பிளாஸ்டிக்கும் கொண்டு எழுப்பிய குடிசைகளில் குடியிருக்கிறார்கள். மூர்சியாவின் மார் மெனோர் என்ற உப்பு நீர்க்காயலில், சுற்றியுள்ள வயல்களிலிருந்து ஓடிவந்த நைட்ரேட் உரத்தால் பாசி மண்டி, நீரிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்து, 2019-இலும் 2021-இலும் டன் கணக்கில் மீன்களும் இறால்களும் செத்துக் கரை ஒதுங்கின. மக்கள் திரண்டு கையெழுத்து இயக்கம் நடத்தியதன் பயனாக 2022-இல் அந்தக் காயலுக்குச் சட்டப்படியான ஆள் என்ற தகுதியே வழங்கப்பட்டது.

இத்தனை விலை கொடுத்தும் அந்த வழங்கல் உறுதியானதாக இல்லை. 2017 தொடக்கத்தில் மூர்சியாவில் பெய்த பெருமழையாலும் விழுந்த பனியாலும் பிரிட்டன் கடைகளில் லெட்யூஸுக்கும் சீமைச் சுரைக்கும் தட்டுப்பாடு வந்தது. 2023 பிப்ரவரியில் ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் குளிர் கடுமையானபோது, பிரிட்டனின் பெரிய அங்காடிகள் ஒருவருக்கு இத்தனை தக்காளி, இத்தனை வெள்ளரி என்று அளவு வைத்து விற்றன. எரிவாயு விலை உயர்ந்ததால் உள்நாட்டுப் பசுமைக்குடில்கள் பல அந்தக் குளிர்காலத்தில் நடவே செய்யாமல் காலியாகக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆகவே, ஊருக்குப் பக்கத்திலேயே, வானிலை தொடாத இடத்தில் விளைவிக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்பது நியாயம்தான்.

கேட்டவர்கள் கொடுத்த பணம்தான் நியாயத்தின் எல்லையைத் தாண்டியது. பெர்லினில் 2013-இல் தொடங்கப்பட்ட இன்ஃபார்ம் நிறுவனம், பேசில், கொத்தமல்லி, புதினா போன்றவற்றை அங்காடிக்குள்ளேயே கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து விற்றது. அந்தப் பெட்டிகளின் முன் நானும் நின்று பார்த்திருக்கிறேன். செவ்வூதா ஒளியில் வட்டத் தட்டுகள் தட்டுக்கு மேல் தட்டாக இருக்கும். நாற்று நடுவில் தொடங்கி, வளர வளர ஓரத்தை நோக்கி நகரும். செடியை வேரோடு எடுத்துத் தாள் உறையில் செருகித் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குவளையில் வைத்தால் இலை நாட்கணக்கில் வாடாது. அழகான ஏற்பாடு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு கடையிலும் உள்ள பெட்டிக்கு நிறுவனத்தின் ஆட்களே வண்டியில் வந்து நாற்றை நட்டு, விளைந்ததை எடுத்து, கழுவித் துடைத்துவிட்டுப் போக வேண்டும். ஓர் அங்காடியில் சில டஜன் கட்டுக் கீரைக்காக ஒருவர் நகரத்தின் போக்குவரத்தைக் கடந்து வந்துபோகிற கூலி எந்தக் கட்டின் விலையில் அடங்கும்? அதைக் கேட்க வேண்டிய முதலீட்டாளர்கள் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. 2022 நவம்பரில் ஏறத்தாழ 500 பேர், அதாவது பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், வேலையிழந்தார்கள். 2023-இல் ஐரோப்பியக் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இடையில் நடந்தது மின்சார விலையேற்றம். இந்தத் தொழிலின் நெஞ்சாங்குலை அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லெட்யூஸ் வளர்க்கும் அடுக்கில், ஒரு சதுர மீட்டர் தட்டுக்கு நாள்தோறும் 16 மணி நேரம் விளக்கெரிக்க, இன்றைய நல்ல எல்.இ.டி.க்கே ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். அது விளக்குக்கு மட்டும். விளக்கின் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டி வேண்டும். செடி குடிக்கிற நீரில் பெரும்பகுதி இலை வழியே ஆவியாக வெளிவருகிறது. மூடிய அறையில் அந்த ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், எனவே ஈரத்தை உறிஞ்சும் எந்திரமும் ஓயாமல் ஓட வேண்டும். வயலைவிட 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் மிச்சம் என்று எல்லா விளம்பரத்திலும் வருகிறதே, அந்த மிச்சம் பெருமளவு இப்படித்தான் கிடைக்கிறது: ஆவியைக் குளிரவைத்து நீராக்கி மறுபடி தொட்டிக்கு அனுப்புகிறார்கள். தண்ணீரைச் சேமிக்கும் எந்திரமே மின்சாரத்தைக் குடிக்கும் எந்திரமும் ஆகும். விளம்பரம் இதில் பாதியை மட்டும் சொல்கிறது. எல்லாம் சேர்த்தால், நன்றாக நடத்தப்படும் பண்ணையிலும் ஒரு கிலோ லெட்யூஸுக்கு ஏறத்தாழ 10 யூனிட் செலவாகிறது. பல பண்ணைகளில் அதற்கும் மேல்.

ஜெர்மனியின் மொத்த விற்பனைச் சந்தையில் 2020-இல் ஒரு யூனிட்டின் சராசரி விலை 3 யூரோ செண்ட் அளவில் இருந்தது. உக்ரைன் போருக்குப் பின், 2022 ஆகஸ்டில் அந்த மாதச் சராசரி 46 செண்டைத் தாண்டியது. வரியும் கம்பிக் கட்டணமும் சேராத விலை இது. அதாவது ஒரு கிலோ லெட்யூஸுக்கான மின்சாரம் மட்டும் 30 செண்டிலிருந்து நாலரை யூரோவுக்கு மேல் போனது. வயலில் விளைந்த முழு லெட்யூஸ் ஒன்று ஒன்றிரண்டு யூரோவுக்குக் கடையில் கிடைக்கும்போது, இதை எப்படி விற்பது? வயலில் இருப்பவருக்கு வெயில் இலவசம். அந்த வெயிலை விலை கொடுத்து வாங்குகிற தொழில், விலை இரட்டித்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் ஆயிரக்கணக்கான சதுர மீட்டருக்குக் கட்டடம் எழுப்பியதை நான் துணிவு என்று சொல்லமாட்டேன்.

இன்ஃபார்மோடு இது முடியவில்லை. கப்பல் பெட்டகங்களில் ஸ்ட்ராபெரி வளர்த்த பிரான்ஸின் அக்ரிகூல் 2022-இல் கடனைத் தீர்க்க முடியாமல் நீதிமன்றப் படியேறியது. பிரிட்டனில் இணைய மளிகை நிறுவனமான ஒக்காடோ 2019-இல் பெரும்பங்கை வாங்கிய ஜோன்ஸ் ஃபுட் நிறுவனம், ஸ்கன்தார்ப்பில் தொடங்கி, பின்னர் குளோஸ்டர்ஷயரின் லிட்னி என்ற ஊரில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று சொல்லிக்கொண்ட பண்ணையைத் திறந்தது. 2025 ஏப்ரலில் அது திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ், பவரி, பிளென்டி ஆகிய அடுக்குப் பண்ணை நிறுவனங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

வேலையிழந்தவர்களில் தாவரவியல் படித்த இளைஞர்கள் பலர் இருந்தார்கள். உண்மையான அக்கறையோடு வந்தவர்கள். ஒரு பயிருக்கு எந்த நிற ஒளி, எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலை என்று அவர்கள் சேர்த்த அறிவு பெரும்பாலும் நிறுவன இரகசியமாகவே இருந்து, நிறுவனத்தோடு புதைந்தது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது. பொதுப் பல்கலைக்கழகத்தில் நடந்திருந்தால் ஆய்விதழில் வந்து எல்லாருக்கும் உதவியிருக்கும்.

உணவுப் பாதுகாப்பு என்ற சொல்லை இந்தத் தொழில் பயன்படுத்தியதற்கும் எனக்கு மறுப்பு உண்டு. ஒரு கிலோ லெட்யூஸில் 150 கலோரி அளவுதான் இருக்கிறது. மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை வளர்க்கச் செலவிட்ட 10 யூனிட் மின்சாரத்தைக் கலோரியில் சொன்னால் 8,600. பேசில் இலையை வைத்து யாருடைய பசியையும் ஆற்ற முடியாது. கோதுமையை வளர்க்கலாமே என்று கேட்கலாம். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்து அடுக்காகக் கோதுமை விளைவித்தால் ஆண்டுக்கு 700 முதல் 1,940 டன் வரை எடுக்க முடியும் என்று கணித்தது; உலகச் சராசரியோ ஹெக்டேருக்கு 3.2 டன். வியக்கத்தக்க எண்தான். ஆனால் விளக்குச் செலவால் அந்தக் கோதுமை சந்தையில் நிற்க முடியாது என்பதையும் அதே ஆய்வு சொல்லிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 என்ற இயற்கை வேளாண்மைச் சட்டம், செடி உயிருள்ள மண்ணில் வேரூன்ற வேண்டும் என்று கேட்பதால், பூச்சிக்கொல்லியே படாத அடுக்குப் பண்ணைக் கீரைக்கு இயற்கை விளைபொருள் முத்திரை கிடையாது. இது அநீதி என்று நிறுவனங்கள் சொல்கின்றன. எனக்குச் சட்டமே சரியாகப் படுகிறது. இயற்கை வேளாண்மை என்பது மண்ணைப் பேணும் வேலை. அதைச் செய்கிற உழவருக்குக் கிடைக்கும் கூடுதல் விலையை மண்ணே இல்லாத தொழிலுக்குப் பங்கு போடக் கூடாது. வேண்டுமானால் பூச்சிக்கொல்லி இல்லாதது என்று தனி முத்திரை கொடுக்கட்டும்.

அப்படியானால் இந்த நுட்பம் எங்கே பொருந்தும்? நாற்றங்காலில் பொருந்தும். நெதர்லாந்தில் நாற்று வளர்ப்போர் அடுக்குத் தட்டுகளில் விளக்கொளியில் நாற்றையும் வேர்விட்ட தண்டுத் துண்டுகளையும் உருவாக்கிப் பிறகு பசுமைக்குடிலுக்கு மாற்றுகிறார்கள். நாற்றுக்கு இடம் சிறிதே வேண்டும். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கில் அடங்கும். எல்லாம் ஒரே உயரத்தில், நோயில்லாமல் வந்தால் அதன் பலன் அறுவடை வரை நீடிக்கும். எனவே ஒரு நாற்றின் மேல் விழும் மின்சாரச் செலவு தாங்கக்கூடியதாகிறது. பயிர் இன ஆராய்ச்சிக்கும் பொருந்தும். இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் 2018-இல் வெளியிட்ட முறையில், நாளைக்கு 22 மணி நேரம் விளக்கொளி கொடுத்து, கோதுமையில் ஓர் ஆண்டுக்குள் ஆறு தலைமுறை வரை எடுக்கிறார்கள். வறட்சி தாங்கும் ஓர் இரகத்தைச் சில ஆண்டுகள் முன்னதாக உழவர் கையில் சேர்க்க முடிந்தால், அங்கே எரிந்த ஒவ்வொரு யூனிட்டும் உண்மையிலேயே பசிக்கு எதிராகச் செலவானது.

கீரைக்கும் இடமில்லாமல் இல்லை. கோபன்ஹேகனுக்கு அருகே தாஸ்ட்ருப்பில் 2020 இறுதியில் தொடங்கிய நோர்டிக் ஹார்வெஸ்ட், 14 அடுக்குகளில் ஆண்டுக்கு 1,000 டன் கீரைகளைக் காற்றாலை மின்சாரத்தில் விளைவிப்பதைத் தன் இலக்காக அறிவித்தது. டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. காற்று பலமாக வீசும் இரவுகளிலும் வெயில் மிகுந்த நண்பகலிலும் மின்சாரம் தேவைக்கு மேல் பெருகி, சந்தை விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது. ஜெர்மனியில் 2024-இல் மட்டும் 457 மணி நேரம் அப்படி இருந்தது. செடிக்குப் பகலும் இரவும் நாம் வைப்பதுதான் என்பதால், வரம்புக்குள் விளக்கு நேரத்தை அந்த மலிவான மணிகளுக்கு நகர்த்த முடியும். ஆண்டு முழுவதற்கும் இது போதாது, கட்டடத்தின் கடன் வட்டியும் காத்திருக்காது. ஆனாலும் சூரியன் எட்டிப்பார்க்காத வட நாட்டுக் குளிர்காலத்துக்கு, அளவான பண்ணைகளைக் கூட்டுறவோ நகராட்சியோ அவசரமில்லாமல் நடத்த இது ஒரு வழி.

ஆகவே, அடுத்த முறை பிரஸ்ஸல்ஸிலோ ஒரு நகர மன்றத்திலோ அடுக்குப் பண்ணைக்கு மானியம் கேட்டு யாரேனும் வந்தால், கிலோவுக்கு எத்தனை யூனிட், அந்த மின்சாரம் எந்த மணி நேரத்தில் எங்கிருந்து வருகிறது, விலை இரண்டு மடங்கானால் திட்டம் என்ன, கண்டறிந்ததை வெளியிடுவீர்களா என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். திவாலான பண்ணைகளின் தட்டுகளும் விளக்குகளும் ஏலத்துக்கு வரும்போது, அவற்றை வேளாண் கல்லூரிகளும் நாற்றுக் கூட்டுறவுகளும் எடுத்துக்கொள்ளப் பொதுப்பணம் உதவ வேண்டும். அல்மேரியாவின் நிலத்தடி நீருக்கும் அங்கே குடிசையில் வாழும் தொழிலாளர்களின் கூலிக்கும் செலவிட வேண்டிய பணத்தை, அந்த இடமே இனித் தேவைப்படாது என்ற நம்பிக்கையில் யாரும் நிறுத்தி வைக்கக் கூடாது. அடுத்த குளிர்காலத்திலும் வட ஐரோப்பாவின் தக்காளி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரப்போகிறது.